ஷோரூமிலிருந்து நேராக வந்த வண்டி

"என்னங்க, பேஸ்ட் எங்க?"

ஐந்தாம் மாடிச் சன்னலிலிருந்து ஜோசபின் குரல் கொடுத்தார். கீழே கார் பார்க்கில் இயேசுதாசன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கி இரண்டே நாள் ஆன பற்பசைக் குழாயை அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கி, கடைசிச் சொட்டைத் தம் காரின் முன் விளக்கில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்குப் போட்டுட்டேன்!"

"வண்டிக்கு எத்தனை பல்லு?"

மூன்றாம் மாடியில் யாரோ சிரித்தார்கள். இயேசுதாசன் முதுகை நிமிர்த்தினார். செம்பவாங் கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள், எந்தத் துரைக்கும் வளையாத முதுகு அது. பெயிண்ட் பிரிவில் கடைநிலை ஆளாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர். அப்படிப்பட்டவர் லுங்கியோடு கார் பார்க்கில் மண்டியிட்டு, ஒரு விளக்குக்குப் பல் துலக்கிவிடுகிறார் என்றால் சும்மா அல்ல. வரும் சனிக்கிழமை மகள் செலினுக்குக் கல்யாணம்.

எல்லாவற்றுக்கும் காரணம் முந்தைய நாள் வந்துபோன சம்பந்தி இஞ்ஞாசி.

இஞ்ஞாசிக்குச் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் பெரிய பொறுப்பு. நிச்சயதார்த்தம் வரை எல்லாமே கோயில் மண்டபத்தில் நடந்துவிட்டதால், மனைவி லீலாவோடு அவர் இயேசுதாசனின் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. யார் வந்தாலும் முதலில் காரைக் காட்டிவிட்டுத்தான் மின்தூக்கியைக் காட்டுவது இயேசுதாசன் வழக்கம்.

"ஷோரூம்ல இருந்து நேரா இறக்கின வண்டி, சம்பந்தி. இன்னிக்கு வரைக்கும் அன்னியன் கை ஒண்ணு இந்த ஸ்டீயரிங்ல பட்டதில்ல."

இஞ்ஞாசி காரைச் சுற்றி ஒரு முறை வந்தார். முன்னால் வந்து நின்றவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ஏங்க, இது..." என்று லீலா ஆரம்பித்தார்.

இஞ்ஞாசிக்கு இருமல் வந்துவிட்டது. பலத்த இருமல்.

"விளக்கைத்தானே பார்க்கறீங்க?" என்றார் இயேசுதாசன் பெருமையாக. "கண்ணாடி இல்ல. பிளாஸ்டிக். ஜப்பான்காரன் ஸ்பெஷலா செஞ்சது. கல்லு பட்டாலும் உடையாது."

"ஆமா ஆமா, விளக்குதான்," என்றார் இஞ்ஞாசி இருமலை விழுங்கியபடி. "கொஞ்சம் மஞ்சளடிச்சுப் போயிருக்கே, அதான். போட்டோவுல நல்லா விழாது. சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு நம்ம வண்டியிலயே கோயிலுக்கு வரட்டும். போன மாசம்தான் புதுசா எடுத்தது. காலையிலயே அனுப்பிடுறேன்."

சொல்லிவிட்டு, திறந்திருந்த பின்கதவை மூடினார். அந்தக் கதவை யார் மூடினாலும் மூன்று முறை அடிக்கவேண்டும். இஞ்ஞாசியோ லேசாகத் தூக்கி ஒரே தள்ளில் மூடிவிட்டார். இந்த மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒரு படி மேலே நின்றாகவேண்டும் என்று இயேசுதாசனுக்கு எரிச்சலாக இருந்தது.

"என் மக என் வண்டியிலதான் கோயிலுக்கு வருவா," என்றார். குரல் உயரவில்லை. முதுகுதான் உயர்ந்தது.

அவர்கள் போன பிறகுதான் விளக்குகளை உற்றுப் பார்த்தார். சம்பந்தி சொன்னது பொய்யில்லை. இரண்டு விளக்குகளும் மஞ்சள் காமாலை வந்த கண்களைப் போல விழித்தன.

பற்பசை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மஞ்சள் கொஞ்சம் இளகியது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நான்காம் மாடி மருதப்பன், லாரி ஓட்டுநர், அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரோடு வந்து நின்றார்.

"அண்ணே, பாதிதான் போயிருக்கு. முன்னாடி மஞ்சளா இருந்துச்சு. இப்ப மஞ்சளும் வெள்ளையுமா முட்ட மாதிரி இருக்கு."

"நீ உன் வேலையைப் பாருப்பா."

"என் வேலை பத்து மணிக்குத்தான்ணே. நைஸ் உப்புத்தாள் வாங்கி, தண்ணி விட்டு விட்டுத் தேய்க்கணும். அதவிட நைஸா ஒண்ணு, அதுக்கும் மேல நைஸா ஒண்ணு. அப்புறம் பாலிஷ். கடைசியா மேல ஒரு கோட்டு குடுத்து சீல் பண்ணணும். இல்லேன்னா வெயிலு திரும்பவும் மஞ்சளாக்கிடும்லா."

"கப்பலையே தேய்ச்சுப் பெயிண்ட் அடிச்சவன் நான். எனக்கு நீ தேய்க்கச் சொல்லித் தர்றியா?"

"கப்பலுக்கு ஹெட்லைட் கிடையாதேண்ணே," என்று சொல்லிவிட்டு மருதப்பன் தேநீரை உறிஞ்சினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வேறு வழியைப் பார்த்தார் இயேசுதாசன். சிராங்கூன் ரோட்டில் பூக்காரரிடம் மண்டபத்து மாலைகளுக்குச் சொல்லிவிட்டு, அப்படியே ஜாலான் புசார் பக்கம் நடந்து, ஒலி முகம்மதுவின் உதிரிபாகக் கடைக்குள் நுழைந்தார். புது விளக்குகளே வாங்கி மாட்டிவிட்டால் தேய்ப்பானேன்?

ஒலி முகம்மது வண்டியின் பெயரையும் வருடத்தையும் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்த மாடலுக்கு ஏதுண்ணே பிளாஸ்டிக் லைட்டு? கண்ணாடிதான் வரும்."

"என்னோடது ஸ்பெஷலா வந்தது."

"முப்பது வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். ஸ்பெஷலும் வரல, சாதாவும் வரல. நீங்க ஃபர்ஸ்ட் ஓனரா, செகண்ட் ஓனரா? பழைய ஓனரு எதையாச்சும் மாத்தியிருப்பாரு. லாக் புக்கு இருக்கா? காட்டுங்க, பேரு பாத்துட்டு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம்."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இயேசுதாசன் முகம் வெளிறிவிட்டது.

"உங்களுக்குச் சரக்கு பத்தித் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். புக்கக் காட்டு, பேரக் காட்டுன்னு என்ன போலீஸ் விசாரணை?"

விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

அந்தக் கேள்வியில் அவர் ஏன் அப்படி ஆடிப்போனார் என்பது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர், நான்கு வருடங்களுக்கு முன்னால் அந்தக் காரை அவருக்கு வாங்கிக் கொடுத்த தரகர்; அந்த மனிதரும் ஆஸ்திரேலியா போய்விட்டார். கார் ஷோரூமிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் இவர் வீட்டுக்கு நேராக வரவில்லை. நடுவில் யாரோ ஒருவர் வீட்டில் ஐந்து வருடம் தங்கிவிட்டு வந்தது.

பொய் சொல்வது அவர் குடும்பத்து வழக்கமல்ல. இந்த ஒரு பொய்க்குக் காரணம் இருந்தது. அவர் கல்யாணத்தன்று, வருவதாகச் சொன்ன வாடகைக் கார் வரவே இல்லை. ஜோசபினைக் கோயிலுக்கு அழைத்துப்போனது கப்பல் பட்டறையின் பெயிண்ட் லாரி. இறங்கும்போது வெள்ளைப் பட்டுப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஈயப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஜோசபினின் அண்ணன்மார்கள் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது. ஜோசபின் மட்டும் சிரிக்கவில்லை. கறையைக் கொசுவத்துக்குள் மடித்துச் செருகிக்கொண்டு, "நடங்க, சாமியார் காத்திருக்காரு," என்றார். என் மகள் சொந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவாள் என்று அன்றைக்கே அவர் முடிவெடுத்துவிட்டார், அப்போது மகளே பிறக்கவில்லை என்றாலும்.

கார் வாங்கிய நாள், மைத்துனர்கள் முன்னால் வாய் தவறி "ஷோரூம்" என்று வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை. அன்றே பதிவுப் புத்தகத்தில் பழைய உரிமையாளர் பெயர் இருந்த பக்கத்தை, தாமே படித்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, பசை தடவி அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிட்டார். இப்போது அது கொஞ்சம் தடிமனான ஒரே பக்கம்.

ஆகவே, புது விளக்கு என்ற வழி அடைபட்டது.

புதன்கிழமை உப்புத்தாளை எடுத்தார். மருதப்பன் சொன்ன நைஸ் தாள் அல்ல. கப்பல் துருவைச் சுரண்டும் தாள், பட்டறையிலிருந்து என்றோ கொண்டுவந்தது. தண்ணீரும் விடவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் மருதப்பன் பேச்சைக் கேட்டதாக ஆகிவிடுமே!

ஒரு மணி நேரத்தில் மஞ்சள் முழுதாகப் போய்விட்டது. பின்னால் நின்று பார்த்த செலின், கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பா... இது பாத்ரூம் ஜன்னல் மாதிரி இருக்குப்பா."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. வெளிச்சம் உள்ளே போகும், உருவம் தெரியாது.

"தூசும்மா. துடைச்சாப் போயிடும்."

துடைத்தார். போகவில்லை. தண்ணீரால் துடைத்தார். ஈரம் இருக்கும்வரை பளிங்காக இருந்தது. காய்ந்ததும் பழையபடி பாத்ரூம் ஜன்னல். எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் என்று வியாழக்கிழமை காலை தின்னர் கொண்டுவந்து துடைத்தார். பெயிண்ட் பிரிவில் இருபத்தெட்டு வருடங்களாக அவருக்குத் தெரிந்த ஒரே பதில் தின்னர்தான். எந்தக் கேள்விக்கும்.

பிளாஸ்டிக் 'ஸ்ஸ்' என்றது. கண்ணெதிரே மெல்லிய விரிசல்கள் ஓடி, வறண்ட ஏரிப் படுகை போல ஆயின.

"என்னண்ணே, சத்தம் வருது?" என்று லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார் மருதப்பன்.

"ஒண்ணுமில்ல. சரியாகிட்டு வருது."

"யாருக்கு?"

இயேசுதாசன் தின்னர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். ஈரமாக இருந்தபோது விளக்கு பளிங்காகத் தெரிந்தது அவர் நினைவுக்கு வந்தது. ஈரம் காயாமலே இருந்துவிட்டால்? மூளையில் ஒரு மணி அடித்தது. மேலே போய், படகுகளுக்கு அடிக்கும் கெட்டி வார்னிஷ் டப்பாவைக் கொண்டுவந்தார். தூரிகையால் ஒரே சீராக, இடமிருந்து வலமாக ஒரு பூச்சு கொடுத்தார். அது அவருக்குக் கைவந்த வேலை.

அதிசயம்! கீறல் மறைந்தது. விரிசல் மறைந்தது. இரண்டு விளக்குகளும் தேன்பாகில் தோய்த்த கண்ணாடி போல ஜொலித்தன. ஜோசபினைச் சன்னலுக்கு அழைத்தார்.

"எப்படி?"

"ஐயோ, ரொம்ப நல்லா இருக்குங்க!" என்றார் ஜோசபின். ஐந்து மாடி உயரத்திலிருந்து அது உண்மைதான். "இப்ப மேல வந்து பந்தி லிஸ்டப் பாருங்க. உங்க மூத்த மச்சான் பேரு ரெண்டு தடவை இருக்கு."

"ரெண்டையும் அடி!" என்றார் உற்சாகமாக.

வெள்ளிக்கிழமை காலை கீழே இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கார் நின்றது அங்சானா மரத்தின் கீழ். மரம் அன்றைக்கென்று பூத்துக் கொட்டியிருந்தது. தின்னர் பட்ட பிளாஸ்டிக்கில் வார்னிஷ் காயவே இல்லை. இரண்டு விளக்குகளிலும் நெருக்கமாக மஞ்சள் பூக்கள் ஒட்டியிருந்தன. நடுநடுவே ஒரு சில எறும்புகளும், ஒரு தட்டானும்.

"பழைய மஞ்சளே பரவாயில்லண்ணே," என்றார் மருதப்பன். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் இயேசுதாசனுக்குத் தாங்கவில்லை.

செலினின் கல்யாண அலங்காரப் பெட்டியிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து, ஒவ்வொரு பூவாகப் பிடுங்கினார். தட்டானை மட்டும் மருதப்பன் வாங்கி, மெதுவாகப் புல்மேல் விட்டார். பள்ளம் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் இன்னொரு பூச்சு. மறுபடி பூ விழாமல் இருக்க, மேலே தமிழ்ச் செய்தித்தாளைக் கூரை போல ஒட்டிவிட்டு, சாப்பிட மேலே போனார்.

பிற்பகல் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. ஓடிவருவதற்குள் கூரை சரிந்து விளக்குகள்மேல் படிந்துவிட்டது. பிய்த்தார். தாள் வந்தது. எழுத்து வரவில்லை. எழுத்து வார்னிஷிலேயே தங்கிவிட்டது.

வலது விளக்கில் 'மாபெரும் மலிவு விற்பனை' என்று இருந்தது. இடது விளக்கில் கறுப்புக் கட்டம் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி'. கட்டத்துக்குள் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் புன்னகை செய்தார்.

செய்தி கேட்டு ஜோசபின் கீழே வந்தார். பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"கல்யாண வண்டியில சாவு நோட்டீஸாங்க?"

"எழுத்து இடம் வலமா மாறித்தான் இருக்கு. யாராலயும் படிக்க முடியாது," என்றார் இயேசுதாசன் ஈனமான குரலில்.

"முன்னால போற வண்டிக்காரன் கண்ணாடியில நேரா தெரியும்ணே," என்றார் மருதப்பன். "இப்ப என் லாரிக் கண்ணாடியிலதான் படிச்சேன். நல்லடக்கம் செவ்வாய்க்கிழமையாம்."

இயேசுதாசன் காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்த முதுகு இருக்கையில் சாய்ந்ததை ஜோசபின் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மாடிக்குப் போய்ச் செலினை அனுப்பினார். செலின் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மருதாணி போட்ட கைகளை எங்கும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டு வண்டியிலயே போயிடும்மா," என்றார் இயேசுதாசன். "புது வண்டி. போட்டோவுல நல்லா விழும்."

"நான் இந்த வண்டியிலதான் வருவேன்பா."

"செத்த மனுஷன் மூஞ்சியோடயா?"

"அவரும் வரட்டுமே. சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்காரு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் தொலைபேசி மணி அடித்தது. இஞ்ஞாசி.

"சம்பந்தி, வண்டி அனுப்பட்டுமா? காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துடும்."

"வேணாம் சம்பந்தி."

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன்."

"கடைசியா ஒரு தடவை சொல்றேன். வேணாம்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரி. அப்ப எங்க மக பிரிஜட்டு காலையில கூறைப் புடவை கொண்டாருவா. அவகிட்ட பூமாலை குடுத்துவிடுறேன். வண்டிக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. பெருசா கட்டச் சொல்லியிருக்கேன். அதையாச்சும் மறுக்காதீங்க."

இயேசுதாசன் தொலைபேசியை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

"பாத்தியா ஜோசபின்? விளக்கை மறைக்கப் பூமாலை அனுப்புறாராம். நம்ம வண்டி நாலு பேரு கண்ணுல படக் கூடாதாம்."

"நல்லதுதானே," என்றார் ஜோசபின். "எனக்கும் அந்தத் தலைப்பாகைக்காரரு கண்ணுல படாம இருந்தாத் தேவலாம்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை ஜோனின் அக்கா பிரிஜட் வந்து இறங்கினாள். மருத்துவமனையில் தாதி. எதையும் சுற்றி வளைக்காதவள். ஒரு கையில் கூறைப் புடவைத் தட்டு. அவள் வந்த காரின் பின் இருக்கையில், ஆளை முழுங்குகிற அளவுக்கு இரண்டு மாலைகள். தட்டை ஜோசபினிடம் கொடுத்துவிட்டு, மாலைகளைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்குக்கு வந்தாள். அங்கே கோட்டும் டையுமாக, விளக்குகளுக்கு முன்னால் காவல் போல நின்றிருந்தார் இயேசுதாசன்.

"கொஞ்சம் தள்ளுங்க மாமா."

"இருக்கட்டும்மா, நானே கட்டிக்கிறேன்."

"தள்ளுங்க மாமா, டைம் இல்ல."

தள்ளினார். பிரிஜட் குனிந்து பார்த்தாள்.

"மாமா, இது யாரு?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பாவம். நல்ல மனுஷராத்தான் தெரியறாரு." விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார் இயேசுதாசன். கண்தான் கலங்கியது. பிரிஜட் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை நிறுத்தினாள்.

பட்டுப் புடவையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மண்டியிட்டாள். விளக்கின் அடி விளிம்பில் கட்டைவிரலை நுழைத்து எதையோ நெம்பினாள். மேல் விளிம்பில் ஒரு திருகு. 'டக்' என்று ஒரு சத்தம். மலிவு விற்பனை முழுதாகக் கழன்று அவள் கையில் வந்துவிட்டது. அடுத்த பக்கம் போனாள். இன்னொரு 'டக்'. தலைப்பாகைப் பெரியவரும் கழன்று வந்தார்.

உள்ளே, கடையிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல, இரண்டு கண்ணாடி விளக்குகள் காலை வெயிலில் மின்னின. ஒரு கீறல் இல்லை. ஒரு தூசி இல்லை.

லாரிப் பக்கம் நின்ற மருதப்பன் தேநீரைக் கீழே விட்டுவிட்டார். "அண்ணே! அது மூடியா?"

இயேசுதாசன் நான்கு வருடங்களாக மூடியைத்தான் விளக்கு என்று ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். ஒரு வாரமாக மூடிக்குத்தான் பல் துலக்கியிருக்கிறார். கால் நொடி அவருக்குத் தலை சுற்றியது. ஆனால் அவர் இயேசுதாசன். முதுகு தானாகவே நிமிர்ந்தது.

"மூடிதான். எனக்குத் தெரியாதா?" என்றார். "ஷோரூம்ல இருந்து வந்தப்பவே போட்டிருந்த மூடி. கல்யாணத்தன்னிக்குத்தான் திறக்கணும்னு நாலு வருஷமா பத்திரமா வச்சிருந்தேன்."

மருதப்பன் எதுவும் சொல்லாமல், வாளியை எடுத்துக்கொண்டு, சிந்திய தேநீரைக் கழுவத் தண்ணீர் பிடிக்கப் போனார். அவரால் அந்த நேரத்தில் செய்ய முடிந்த மிகப் பெரிய மரியாதை அதுதான்.

பிரிஜட் முன்பக்க மாலையை, விளக்குகளின் மேல் படாமல், அவற்றுக்கு நடுவில் தாழ்வாகக் கட்டினாள். பிறகு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு காரின் பின்பக்கம் போனாள். இயேசுதாசனும் பின்னாலேயே போனார். இப்போது அவர் கை ஓங்கியிருந்தது.

"விளக்குதான் கண்ணாடி மாதிரி இருக்கேம்மா. இனி எத மறைக்க இவ்ளோ பெரிய மாலை? அதுவும் பின்னால எதுக்கு? பின்னால ஏது ஹெட்லைட்டு?"

பிரிஜட் மாலையை இழுத்துக் கட்டி முடித்தாள். மாடிச் சன்னலைப் பார்த்தாள், யாரும் இல்லை. திறந்திருந்த பின்கதவை லேசாகத் தூக்கி, ஒரே தள்ளில் மூடினாள். பிறகு அவர் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நம்பர் பிளேட்டை மறைக்கத்தான் மாமா, கோயில் வாசல்ல எங்க பெரியப்பா நிப்பாரு, நம்பரப் பாத்தாருன்னா 'அடடே, இது நாம வித்த வண்டியில்ல!'ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்திடுவாரு, உங்க மானம் போயிடும்னு, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து எங்கப்பா தூங்கவே இல்ல."